கரிசல் மண் வீடுகளில் குளியலறைச் சுவரைச் சீரமைத்தல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

குளியலறைச் சுவரில் காரை பெயர்ந்து, கரும்புள்ளிகள் படர்ந்து காணப்படும்போது, அதன் மீது பட்டி இழுத்து, டெக்ஸ்சர் வேலைப்பாடு செய்து, வண்ணம் பூசிவிட்டால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவரோ, முதியவரோ, கைக்குழந்தையோ இருப்பின் இது அழகுபடுத்தும் வேலை மட்டுமன்று. சுவரைச் சுரண்டும்போது எழும் தூசி, வண்ணத்தின் ஆவி, சில நாள்கள் கழிவறை இல்லாமை ஆகிய மூன்றும் நோயாளியின் உடல்நிலையைப் பாதிக்கக்கூடும். முறையாகத் திட்டமிட்டால் இப்பாதிப்புகளைப் பெரிதும் தவிர்க்கலாம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலப்பகுதியில் வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

முக்கியச் செய்திகள்

• ஈரம் வரும் வழியை அடைக்காமல் சுவரின் மீது எதைப் பூசினாலும் பூஞ்சை மீண்டும் வரும்.
• பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்த பின்னரே சுரண்ட வேண்டும்.
• சுரண்டும் நாளிலும் வண்ணம் பூசும் நாளிலும் நோயாளி அவ்விடத்தில் இருக்கக் கூடாது.
• கழிவறைக்கு மாற்று ஏற்பாடு செய்த பின்னரே சுவரைக் கொத்தத் தொடங்குங்கள்.
• கைப்பிடிகளைப் பொருத்த வேண்டிய இடத்தை வண்ணம் பூசும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கரிசல் நிலத்தில் சுவர் ஏன் வெடிக்கிறது?

கரிசல் மண்ணில் உள்ள களிமண் துகள்கள் நீரை ஈர்த்து உப்பும் தன்மை உடையவை, உலர்ந்தால் சுருங்கிவிடும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்வதும் இதனால்தான். நிலத்தின் மீது நிற்கும் வீடும் இந்த அசைவுக்கு உட்படுகிறது. இத்தகைய மண்ணுக்கு ஏற்ற ஆழமான அடித்தளம் இல்லாத வீடுகளில், ஆண்டுதோறும் சுவர்கள் சிறிது சிறிதாக அசைந்து வெடிப்பு விழுகின்றன.

குளியலறை உள்ள மூலையில் இப்பாதிப்பு கூடுதலாக இருக்கக்கூடும். வீட்டின் மற்றப் பக்கங்களில் மண் காய்ந்திருக்கும்போது, ஒழுகும் குழாயாலோ, பழுதடைந்த சாக்கடை இணைப்பாலோ, சுவருக்கு அருகிலுள்ள உறிஞ்சு குழியாலோ அம்மூலையில் மண் எப்போதும் நனைந்திருக்கும். ஒருபுறம் உப்பி, மறுபுறம் சுருங்கும் மண்ணின் மீது சுவர் சீராக நிற்க இயலாது. வெடிப்பின் வழியே நீர் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் மண்ணை மேலும் உப்பச் செய்யும்.

மேடும் பள்ளமுமான டெக்ஸ்சர் பூச்சு மெல்லிய வெடிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். எனவேதான் வெடிப்பு விழுந்த வீடுகளில் அது விரும்பிச் செய்யப்படுகிறது. வெடிப்பு மறைந்தாலும் அதன் வழியே இறங்கும் நீர் நிற்பதில்லை. அடுத்த மழைக்காலத்தில் பூச்சின் பின்புறமே ஓதம் ஏறி, பூஞ்சை வளரும்.

ஓதம் ஏறிய சுவர் உடலை எவ்வாறு பாதிக்கிறது?

ஈரமான சுவரில் வளரும் பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்விதைகளைக் காற்றில் பரப்புகிறது. உட்புறக் காற்றின் தரம், ஓதம், பூஞ்சை ஆகியவை குறித்து உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஓதம் மிகுந்த வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவை மிகுதியாகக் காணப்படுவதைச் சுட்டிக்காட்டுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குச் சில வகைப் பூஞ்சைகள் நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும்.

சுவரில் வெண்மையாகப் பூத்து, தொட்டால் மாவு போல உதிர்வது பூஞ்சை அன்று, அது உப்பு. ஈரம் உலரும்போது செங்கல்லிலும் சாந்திலும் கரைந்துள்ள உப்பு வெளியே வந்து படிகிறது. நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் அந்நீரைக் கொண்டு சாந்து குழைத்தால் இது மேலும் மிகுதியாகும். உப்புப் பூத்தல் நேரடியாக நோயை உண்டாக்குவதில்லை. எனினும் சுவருக்குள் ஈரம் நடமாடுகிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். காசநோயிலிருந்து குணமடைந்து நுரையீரல் தழும்புடன் வாழ்பவர்கள். பஞ்சாலைத் தூசியில் நெடுங்காலம் பணிபுரிந்து மூச்சுத்திணறல் கொண்டவர்கள்.
• புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள்.
• கர்ப்பிணிகள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள்.
• பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள். உடைந்த டைல்ஸ் சில்லு குத்தினாலும் இவர்கள் உணராமல் இருக்கக்கூடும்.
• பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், பார்வைக் குறைவு ஆகியவற்றால் நடை தளர்ந்தவர்கள்.
• வீட்டில் ஆக்சிஜன் பெறுபவர்கள். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் தின்னர், டர்பென்டைன் ஆகியவற்றின் ஆவி தீப்பற்றும் ஆபத்து மிகுதி. இவ்விரண்டையும் ஒரே அறையில் வைத்திருக்கவே கூடாது.

வேலை தொடங்கும் முன்: நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள்

முதலில் பிளம்பரைக் கொண்டு குழாய்கள், தரையின் நீர்ச் சரிவு, டைல்ஸ் இடுக்குகள், மாடித் தளம் ஆகியவற்றைச் சோதித்து ஒழுக்கை அடையுங்கள். குளியலறையின் வெளிச்சுவரை ஒட்டி நீர் தேங்காதவாறு தரையைச் சரிவாக அமையுங்கள். சுவரை ஒட்டிச் செடிகளுக்கு நீர் பாய்ச்சுவதைத் தவிருங்கள்.

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். சில வாரங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டி நீண்டாலோ, கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, விரல் நுனி நுழையும் அளவுக்கு அகன்றாலோ, பட்டி பூசுவதை நிறுத்தி வைத்துக் கட்டடப் பொறியாளரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்பதை நீங்களே அறியலாம். ஒரு சதுர அடி அளவுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், சுவரை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் உள்ளது. வெளிப்பக்கத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டத்தைப் பெருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர்கள் உலரத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. சாளரங்களைத் திறந்து வைக்க இயலாத மழை நாள்களில் வண்ணம் பூசுவதைத் தவிருங்கள்.

ஈரச்சுவரில் மின்கசிவு ஏற்படும் வாய்ப்பும் உண்டு. சுவரைத் தொடும்போது சுரீர் என்ற உணர்வு ஏற்பட்டால் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். சுவரைக் கொத்தும் முன் கீசர் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

பழைய வண்ணத்தைச் சுரண்டுதல்: ஈயமும் தூசியும்

வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை இந்திய அரசு 2016ஆம் ஆண்டு அறிவித்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எண்ணெய் வகை எனாமல் வண்ணங்களில், குறிப்பாகப் பளிச்சிடும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். குளியலறையின் கதவு, சாளரக் கம்பி, சுவரின் கீழ்ப்பகுதி ஆகியவை எனாமல் பூசப்படும் இடங்கள். உங்கள் வீட்டின் வண்ணம் பழையது எனில் அதில் ஈயம் இருப்பதாகவே கருதிச் செயல்படுங்கள்.

உடலுக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை. வயிற்றுக்குள் செல்லும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல், பெரியவர்களின் உடலைக் காட்டிலும் நான்கு முதல் ஐந்து மடங்கு வரை உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் பாதிக்கும். கர்ப்பிணியின் உடலிலுள்ள ஈயம் கருவையும் சென்றடையும்.

சிமெண்ட் காரையையும் டைல்ஸையும் உடைக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. அதை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நுரையீரல் நோய் ஏற்படுகிறது. நோயாளி சில மணி நேரம் சுவாசித்தாலும் மூச்சிரைப்பு தூண்டப்படக்கூடும்.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• சுவரில் நீர் தெளித்து நனைத்த பின்னரே சுரண்ட வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதாயின் நீர் தொட்டுத் தேய்க்கும் வகையைப் பயன்படுத்துங்கள்.
• எனாமலைத் தீயாலோ, சூட்டுக்காற்றுக் கருவியாலோ உருக்கி உரிக்க வேண்டாம். ஈயம் ஆவியாகவும் நுண்துகளாகவும் காற்றில் கலக்கும்.
• மெத்திலீன் குளோரைடு கலந்த வண்ண நீக்கிகளைக் குளியலறை போன்ற சிறிய அறையில் பயன்படுத்தவே கூடாது. குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும்போது இதன் ஆவியால் அமெரிக்காவில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்துள்ளனர்.
• பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள குளியலறையில் அத்தகட்டை உடைக்கவோ, துளையிடவோ, தேய்க்கவோ வேண்டாம்.
• குளியலறைக் கதவில் நனைத்த துணியையோ பாலித்தீன் தாளையோ தொங்கவிட்டு, தூசி வீட்டுக்குள் வராமல் தடுங்கள். உணவு, குடிநீர், மருந்து, நெபுலைசர் ஆகியவற்றை மூடி வேறு அறையில் வையுங்கள்.
• துடைப்பத்தால் உலர்ந்த தூசியைப் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, கழிவை மூட்டையில் கட்டி அகற்றுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் கொட்ட வேண்டாம்.

வேலை செய்பவரின் நுரையீரலையும் காக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் என்-95 வகை முகக்கவசமும், கண்ணாடியும், கையுறையும் வழங்குங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கைகால், முகம் கழுவிய பின் உணவருந்த இடமளியுங்கள். தூசி படிந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். அவ்வுடையுடன் குழந்தையைத் தூக்கக் கூடாது.

பூஞ்சை படர்ந்த இடம் சிறிதாக இருப்பின், முகக்கவசம் அணிந்த நலமான ஒருவர் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர விடலாம். நோயாளி இதைச் செய்யக் கூடாது. டைல்ஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அக்கலவையிலிருந்து குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

குளியலறை இல்லாத நாள்கள்

சீரமைப்புக் காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாமல் போவது இதுவே. கழிவறைக்குச் செல்வது கடினமாகும்போது, முதியவர்களும் பெண்களும் பிறரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நீர் அருந்துவதைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றனர். கரிசல் பகுதியின் வெயிலில் இது விரைவில் உடல் வறட்சியை உண்டாக்கும். தலைச்சுற்றல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இரத்த அழுத்தத் தாழ்வு ஆகியவை தொடரக்கூடும்.

• வேலை தொடங்கும் முன்பே கமோடு நாற்காலி, சிறுநீர்க் குவளை ஆகியவற்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வையுங்கள். மறைப்புத் திரை அமைத்துத் தனிமையை உறுதி செய்யுங்கள்.
• நோயாளி வழக்கம்போல் நீர் அருந்துகிறாரா என்பதை நாள்தோறும் கவனியுங்கள். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மருத்துவர் கூறிய அளவையே பின்பற்றுங்கள்.
• இரவில் செல்லும் வழியில் மண்மூட்டை, குழாய், ஏணி ஆகியவை கிடக்கக் கூடாது. விளக்கு எரிய வேண்டும்.
• நீரிழிவு நோயாளிகள் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும். ஒவ்வோர் இரவும் பாதங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.
• இயலுமெனில் சுரண்டும் நாள்களிலும் வண்ணம் பூசும் நாள்களிலும் நோயாளியை உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். மருந்துகள், இன்ஹேலர், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை உடன் அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுபவராயின், இடமாற்றத்தைச் சுகாதாரப் பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

எந்தப் பூச்சு ஏற்றது?

புதிய சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள்கள் நீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும். பின்னர் அது நன்கு உலர்ந்த பின்னரே பட்டியும் பிரைமரும் பூச வேண்டும். பொதுவாக இதற்கு நான்கு வாரங்கள் வரை ஆகும். அவசரப்பட்டுப் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் வண்ணத்தைக் கொப்புளமாக எழுப்பும்.

நீர் தெறிக்கும் பகுதியில் சொரசொரப்பான டெக்ஸ்சர் பூச்சைத் தவிருங்கள். அதன் பள்ளங்களில் சோப்பும் அழுக்கும் ஈரமும் தங்கிப் பூஞ்சைக்கு இடமளிக்கும். துடைத்துச் சுத்தம் செய்வதும் கடினம். முதியவர்களின் மெல்லிய தோலும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களின் தோலும் அதில் உராய்ந்து எளிதில் புண்ணாகும். அப்பகுதிக்கு வழவழப்பான டைல்ஸோ, கழுவக்கூடிய மென்பளபளப்புடைய எமல்ஷன் வண்ணமோ பொருத்தமானது. டெக்ஸ்சர் வேண்டுமெனில், நீர் படாத மேற்பகுதியில் மட்டும் மேடுபள்ளம் குறைந்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

சுவருக்கு வழவழப்பு நல்லது. தரைக்கு அது ஆபத்து. தரையில் நனைந்தாலும் வழுக்காத டைல்ஸையே பதிக்க வேண்டும்.

சுண்ணாம்பு பூசும் வழக்கம் நம் பகுதியில் இன்றும் உண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சை வளர்ச்சியைக் குறைக்கும். அதில் கரைப்பான் ஆவியும் இல்லை. எனினும் கிளிஞ்சல் அல்லது கற்சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கைப்பிடியும் நிற வேறுபாடும்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர் ஒருவரின் நடமாட்டத்தையே முடக்கிவிடக்கூடும். சுவரைத் திறந்து வேலை செய்யும் இத்தருணமே கைப்பிடிகளைப் பொருத்த ஏற்ற காலம். நோயாளியைக் கழிப்பறை இருக்கையில் அமரச் செய்து எழச் சொல்லி, அவர் கை இயல்பாக எங்கே பற்றுக்கோடு தேடுகிறதோ அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இயன்முறை மருத்துவரின் ஆலோசனை கிடைப்பின் இன்னும் நன்று.

கைப்பிடியின் போல்ட்டுகள் காரையைத் துளைத்து உறுதியான செங்கல் அல்லது கான்கிரீட் வரை செல்ல வேண்டும். வெடிப்பு விழுந்த இடத்தில் பொருத்தக் கூடாது. துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. அதைப் பற்றி எழும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள்.

பார்வை குறைந்தவர்களுக்கு நிறமே வழிகாட்டி. வெண்சுவரில் வெண்ணிறக் கைப்பிடி தெரியாது. வெளிர்நிறச் சுவருக்கு அடர்நீலம் போன்ற மாறுபட்ட நிறக் கைப்பிடி, சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தில் தரை, தெளிவாகத் தெரியும் சுவிட்ச் ஆகியவை விழுவதைத் தவிர்க்க உதவும்.

வண்ணம் பூசும் நாள்களும் திரும்பி வருதலும்

ஈயம் சேர்க்கப்படாதது, கரைப்பான் ஆவி குறைந்தது எனக் குறிப்பிடப்பட்ட, நீரில் கரையும் வண்ணத்தைக் கேட்டு வாங்குங்கள். மணம் இல்லாமை மட்டுமே தீங்கின்மைக்குச் சான்றாகாது. வாசனை சேர்த்த வண்ணங்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. சாளரத்தைத் திறந்து, காற்று வெளியேறும் வகையில் எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓட விடுங்கள்.

கடைசிப் பூச்சு முடிந்து குறைந்தது மூன்று நாள்கள் காற்றோட்டம் அளித்து, வாடை முழுவதும் நீங்கிய பின்னரே நோயாளி அறையைப் பயன்படுத்தலாம். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு வாரம் பொறுப்பது நன்று. அதன் பின்னர், ஒவ்வொரு முறை குளித்த பிறகும் சுவரிலுள்ள நீரை வழித்துவிட்டு, அரை மணி நேரம் காற்றோட்டம் அளிக்கும் பழக்கத்தை வீட்டார் அனைவரும் பின்பற்றுங்கள்.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

• இன்ஹேலர் பயன்படுத்தியும் குறையாத மூச்சிரைப்பு, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல்
• நெஞ்சுவலி, குழப்பம், மயக்கம்
• வண்ணம் அல்லது ஆசிட் ஆவியைச் சுவாசித்த பின் தொடர் இருமல், கடும் தலைவலி, வாந்தி
• விழுந்த பின் எழ இயலாமை அல்லது தலையில் அடிபடுதல்

மூச்சுத்திணறுபவரை முதலில் திறந்தவெளிக்கு அழைத்து வாருங்கள். சுண்ணாம்போ, சிமெண்டோ, ஆசிட்டோ கண்ணில் பட்டால் தாமதிக்காமல், இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவிய பின் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தின்னர், டர்பென்டைன் ஆகியவற்றைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்று மேலும் தீங்கு விளைவிக்கும். புட்டியையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். பழைய வண்ணம் சுரண்டப்பட்ட வீட்டில் இருந்த குழந்தைக்கு வயிற்றுவலி, சோர்வு, பசியின்மை ஆகியவை தொடர்ந்தால், அச்செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

உங்கள் வீட்டில் நோயாளி இருப்பின், கொத்தனாரிடம் நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். சுவரின் வேலை சில நாள்கள் காத்திருக்கலாம். நோயாளியின் மூச்சு காத்திருக்காது.